குறைந்த செலவில் வீட்டுக்கு ஒரு ஃபைல் சர்வர்: பாகங்கள் தேர்ந்தெடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் இருப்பவர்களின் படங்கள், வீடியோக்கள், ஆவணங்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்க ஒரு ஃபைல் சர்வர் கட்டலாம் என்று நினைப்பவர்கள், திரும்பத் திரும்ப ஒரே மாதிரியான சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஓடுவது ஒரே எண்ணம்தான்: கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கு டிஸ்க்குகளுக்கும் பேக்கப்புக்கும் போகட்டும். மற்ற பாகங்கள் தேவைக்கு ஏற்ற அளவில் இருந்தால் போதும்.

ஃபைல் சர்வர்னா என்ன? ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கினா பத்தாதா?

ஃபைல் சர்வர் என்பது ரவுட்டரோடு இணைந்து எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினி. அதில் உள்ள டிஸ்க்குகளை வீட்டில் இருக்கும் போன், லேப்டாப், டிவி எல்லாமே நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தலாம்.

ஒரே ஆள், ஒரே லேப்டாப், ஒரு டிஸ்க்கில் அடங்குகிற கோப்புகள் என்றால் இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றி நகல் எடுத்து வையுங்கள். அதுவே போதும். பலர் பல கருவிகளிலிருந்து பயன்படுத்த வேண்டும், எல்லாக் கருவிகளும் தானாகவே ஓரிடத்தில் பேக்கப் ஆக வேண்டும் என்று வரும்போதுதான் சர்வருக்கு அர்த்தம் வருகிறது.

ரெடிமேடா வர்ற நாஸ் பெட்டி வாங்கறதா, பாகம் வாங்கி நாமே கட்டறதா?

நாஸ் பெட்டி என்பது கடையில் தயாராகக் கிடைக்கும் ஃபைல் சர்வர்தான். இரண்டு டிஸ்க் போதும், உள்ளே கை வைக்க விருப்பமில்லை என்றால் ரெடிமேட் பெட்டியே நல்லது. நான்கு டிஸ்க்குக்கு மேல் போகும்போது கணக்கு மாறுகிறது. ரெடிமேடில் டிஸ்க் இடம் கூடக்கூட விலை வேகமாக ஏறும். நாமே கட்டும்போது கூடுதல் இடத்துக்குப் பெரிதாகச் செலவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. சொந்தமாகக் கட்டியதில் எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) போனால் வேறு எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு போனால் வேறு மதர்போர்டு. ரெடிமேட் பெட்டியில் உள்ளே இருக்கும் பலகை போனால், பெரும்பாலும் அதே நிறுவனத்தின் இன்னொரு பெட்டியைத் தேட வேண்டியிருக்கும்.

பழைய கம்ப்யூட்டர் ஒன்னு சும்மா கிடக்கு. அதையே சர்வராக்கலாமா?

ஆக்கலாம், பல பேருக்கு இதுதான் சரியான தொடக்கம். முதலில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: எத்தனை சாட்டா போர்ட் (டிஸ்க்கை இணைக்கும் இடம்), எத்தனை 3.5 அங்குல டிஸ்க் உட்காரும், சும்மா இருக்கும்போது எத்தனை வாட் இழுக்கிறது. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வருடம் முழுக்க ஓடும் இயந்திரத்தில் ஒவ்வொரு 10 வாட்டும் ஆண்டுக்குச் சுமார் 88 யூனிட் மின்சாரம். சும்மா இருக்கும்போது 70 வாட் இழுக்கும் பழைய கேமிங் கணினிக்கும் 25 வாட் இழுக்கும் சிறிய கணினிக்கும் ஆண்டுக்கு 400 யூனிட்டுக்கு அருகில் வித்தியாசம் வரும். உங்கள் மின் கட்டணத்தால் அதைப் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பழைய கணினியில் தனி கிராபிக்ஸ் கார்டு இருந்து, பிராசஸரிலேயே டிஸ்ப்ளே வசதியும் இருந்தால் கார்டைக் கழற்றிவிடுங்கள். அதிலேயே கணிசமாகக் குறையும்.

அலுவலகங்களில் பயன்படுத்தி விற்கப்படும் பிராண்டட் டெஸ்க்டாப்கள் மலிவாகக் கிடைக்கும், மின்சாரமும் குறைவாகவே எடுக்கும். ஆனால் பலவற்றில் எஸ்எம்பிஎஸ் கனெக்டர் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவத்தில் இருக்கும், டிஸ்க் இடமும் ஒன்று அல்லது இரண்டுதான். இரண்டு டிஸ்க் போதும் என்றால் இவற்றை விட நல்ல பேரம் கிடையாது. லேப்டாப்பில் டிஸ்க்குகளை யுஎஸ்பி வழியாகத்தான் போட வேண்டியிருக்கும். அதிலுள்ள சிக்கல் கீழே சாட்டா போர்ட் கேள்வியில் வருகிறது.

பிராசஸர் எவ்வளவு வேகமா இருக்கணும்?

நினைப்பதை விட மிகக் குறைவாக. சாதாரண கிகாபிட் நெட்வொர்க்கின் உச்சமே நொடிக்கு 125 மெகாபைட். நடைமுறையில் 110 அளவில் நிற்கும். அந்த வேகத்தில் கோப்பு அனுப்ப இன்டெல் என்100 போன்ற நான்கு கோர் சிறிய பிராசஸரே தாராளம்.

வீடியோவை ஓடும்போதே வேறு வடிவத்துக்கு மாற்றித் தர வேண்டும், அதாவது டிரான்ஸ்கோடிங் வேண்டும் என்றால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். அப்போதும் கோர் எண்ணிக்கையை விட உள்ளே இருக்கும் வீடியோ வசதிதான் முக்கியம். இன்டெல் ஏழாம் தலைமுறையிலிருந்து குவிக் சிங்க் என்ற அந்த வசதி, 10 பிட் எச்இவிசி (எச்.265) வீடியோவை வன்பொருளிலேயே கையாளும். பெயர் எஃப் என்று முடியும் இன்டெல் பிராசஸர்களில் கிராபிக்ஸ் பகுதி வேலை செய்யாது. சர்வருக்கு அவை வேண்டாம்.

ராம் எவ்வளவு? இசட்எஃப்எஸ்ஸுக்கு ஒரு டெராபைட்டுக்கு ஒரு ஜிபி வேணும்னு சொல்றாங்களே?

வீட்டுக்கு 8 ஜிபி போதும், 16 ஜிபி வசதி. டெராபைட்டுக்கு ஒரு ஜிபி என்பது விதி அல்ல. டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம், கிடைக்கும் ராமையெல்லாம் கேஷாக, அதாவது அடிக்கடி படிப்பதை வேகமாக எடுக்க வைத்திருக்கும் இடமாகப் பயன்படுத்திக்கொள்ளும் என்பதால், நிரம்பி வழிவதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். குறைவாக இருந்தால் கேஷ் சிறிதாகும், அவ்வளவுதான்.

நிஜமாகவே ராமை விழுங்குவது டீடூப்ளிகேஷன், அதாவது ஒரே தரவு பல இடங்களில் இருந்தால் ஒரு நகலை மட்டும் வைக்கும் வசதி. வீட்டில் அதை ஆன் செய்யவே வேண்டாம். அந்த ராம் செலவுக்கு இன்னொரு டிஸ்க் வாங்கிவிடலாம்.

ஈசிசி ராம் இல்லாம இசட்எஃப்எஸ் ஓட்டினா எல்லா டேட்டாவும் அழிஞ்சிடுமாமே?

ஈசிசி என்பது உள்ளே வரும் சிறு பிழைகளைக் கண்டுபிடித்துத் திருத்தும் ராம். அது இல்லாவிட்டால் எல்லாம் அழியும் என்பது நீண்ட காலமாகச் சுற்றிவரும் பயம். இசட்எஃப்எஸ்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான மேத்யூ அரென்ஸே, மற்ற ஃபைல் சிஸ்டங்களை விட இதற்கு ஈசிசி அதிகம் தேவை என்று சொல்லும்படி எதுவும் இல்லை என்று விளக்கியிருக்கிறார். கெட்ட ராம் எந்த ஃபைல் சிஸ்டத்திலும் கோப்பைக் கெடுக்கும்.

ஈசிசி நல்லதா என்றால் நல்லதுதான். கூடுதல் செலவு சிறிதென்றால் எடுங்கள். ஆனால் பிராசஸர், மதர்போர்டு இரண்டும் அதை ஆதரிக்க வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் ரைசன் பிராசஸர்களில் உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள வகைகளில் பொதுவாக புரோ என்று பெயர் உள்ளவற்றில்தான் ஈசிசி வேலை செய்யும். இன்னொரு எச்சரிக்கை: பெரிய சர்வர்களிலிருந்து கழற்றி மலிவாக விற்கப்படும் ராம் பெரும்பாலும் ரெஜிஸ்டர்டு வகை. சாதாரண மதர்போர்டில் அது வேலை செய்யாது. ஈசிசிக்காக டிஸ்க்கையோ பேக்கப்பையோ குறைக்க வேண்டியிருந்தால், ஈசிசியை விட்டுவிடுங்கள்.

மதர்போர்டுல எதைப் பார்க்கணும்?

சாட்டா போர்ட் எண்ணிக்கை, ஒரு காலி பிசிஐஇ ஸ்லாட் (கூடுதல் கார்டு செருகும் இடம்), நல்ல லேன் போர்ட். வண்ண விளக்கு, ஓவர்கிளாக்கிங், ஒலி எதற்கும் காசு கொடுக்க வேண்டாம்.

வாங்கும் முன் மதர்போர்டின் மேனுவலை இறக்கிப் படியுங்கள். பல மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்கள் தானாகவே செயலிழந்துவிடும். ஆறு போர்ட் என்று எண்ணி வாங்கினால் நான்குதான் மிஞ்சும். சில எம்.2 ஸ்லாட்கள் சாட்டா வகையை மட்டும் ஏற்கும், சில என்விஎம்இ வகையை மட்டும். இதெல்லாம் அட்டைப் பெட்டியில் இருக்காது, மேனுவலில் ஒரு சிறிய அட்டவணையில் இருக்கும்.

சாட்டா போர்ட் பத்தலை. கார்டு போட்டுக்கலாமா? யுஎஸ்பி பெட்டியில போட்டா என்ன?

கார்டு போடலாம், ஆனால் சிப் பெயரைப் பார்த்து வாங்குங்கள். ஜேஎம்பி585 ஐந்து போர்ட்டும் ஏஎஸ்எம்1166 ஆறு போர்ட்டும் தரும். வீட்டுக்கு இரண்டுமே நன்றாக ஓடும். எட்டு, பத்து போர்ட் என்று மிக மலிவாக விற்கும் கார்டுகளில் பெரும்பாலும் போர்ட் மல்டிப்ளையர் இருக்கும். பல டிஸ்க்குகள் ஒரே பாதையைப் பங்குபோடும். ஒரு டிஸ்க் தடுமாறினால் மற்றவையும் அறுந்துபோகலாம். எல்எஸ்ஐ சிப் உள்ள பழைய சர்வர் கார்டுகள் உறுதியானவை, ஆனால் டிஸ்க்குகளை அப்படியே கணினிக்குக் காட்டும் ஐடி மோட் ஃபர்ம்வேரில் இருக்க வேண்டும், மேலே காற்றும் பட வேண்டும். அவை தனியாகவே 10 வாட் அளவுக்கு இழுக்கும். மின்சாரக் கணக்கை மேலே சொன்னேன்.

யுஎஸ்பி பெட்டியை பேக்கப் டிஸ்க்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் ஓடும் ரெய்டு குழுவை (ஒன்று செத்தாலும் டேட்டா போகாதபடி சேர்த்துக் கட்டிய பல டிஸ்க்குகளை) அதில் வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. சுமை கூடும்போது இணைப்பு ஒரு கணம் அறுந்தாலும் டிஸ்க் போய்விட்டது என்று ரெய்டு எடுத்துக்கொள்ளும். டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றிச் சொல்லும் ஸ்மார்ட் தகவலையும் சில பெட்டிகள் காட்டாது.

எந்த ஹார்ட் டிஸ்க் வாங்கணும்? நாஸ் டிஸ்க்னு தனியா விக்கறாங்களே, அது வெறும் விளம்பரமா?

முழுக்க விளம்பரம் இல்லை. முதலில் பார்க்க வேண்டியது சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்பது. எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் கூரையில் ஓடு வேய்ந்தது போல ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறி இருக்கும். ஒரு தடத்தை மாற்றி எழுத வேண்டுமானால் அதை அடுத்துள்ளவற்றையும் திரும்ப எழுத வேண்டும். சிஎம்ஆரில் தடங்கள் அப்படி ஏறாமல் தனித்தனியே இருக்கும். சாதாரணமாகப் படிக்கும்போது வித்தியாசம் தெரியாது. ஒரு டிஸ்க் செத்து, புது டிஸ்க் போட்டு ரெய்டை மீண்டும் கட்டும் நேரத்தில்தான் எழுதும் வேகம் படுத்துவிடும். சில மணி நேர வேலை பல நாட்களுக்கு இழுக்கும், சில சமயம் பாதியில் நின்றும் போகும். உங்களுக்கு ரெய்டு தேவைப்படும் அந்த ஒரே நேரத்தில் கைவிடும் டிஸ்க்கை ஏன் வாங்க வேண்டும்?

பெயரை மட்டும் நம்பவும் முடியாது. 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில், நாஸுக்கு என்று விற்கப்பட்ட 2 முதல் 6 டெராபைட் வரையிலான டிஸ்க்குகளில் எஸ்எம்ஆர் இருப்பது வெளியே தெரிந்து பெரிய சர்ச்சையானது. அதன் பிறகு சிஎம்ஆர் டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்று பிரித்தார்கள். மாடல் எண்ணை வைத்து நிறுவனத்தின் சொந்தப் பட்டியலில் சரிபார்ப்பது ஐந்து நிமிட வேலை.

நாஸ் டிஸ்க்கில் உள்ள இன்னொரு நன்மை, படிக்க முடியாத செக்டர் வந்தால் ஏழு நொடி அளவில் முயற்சியை நிறுத்திப் பிழை என்று சொல்லிவிடும். டெஸ்க்டாப் டிஸ்க் நிமிடக் கணக்கில் முயன்றுகொண்டே இருக்கலாம். அதற்குள் ரெய்டு அந்த டிஸ்க்கையே குழுவிலிருந்து தள்ளிவிடக்கூடும்.

நாலு சின்ன டிஸ்க்கா, ரெண்டு பெரிய டிஸ்க்கா?

பெரும்பாலும் இரண்டு பெரியது. ஒவ்வொரு 3.5 அங்குல டிஸ்க்கும் சும்மா சுற்றும்போதே 4 முதல் 6 வாட் எடுக்கும், ஒரு போர்ட், ஓர் இடம், கொஞ்சம் சத்தம் எல்லாம் கேட்கும். இரண்டை மிரர் செய்தால், அதாவது இரண்டிலும் ஒரே நகலை வைத்தால், பாதி இடம்தான் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் இடம் போதாமல் போகும்போது இன்னொரு ஜோடி சேர்ப்பது எளிது, ஒரு டிஸ்க் செத்தால் மீட்பதும் வேகம்.

விலையை டெராபைட்டால் வகுத்துப் பாருங்கள். மிகச் சிறிய டிஸ்க்கும் மிகப் புதிய பெரிய டிஸ்க்கும் டெராபைட் கணக்கில் விலை கூடுதலாக இருக்கும். நடுவில் ஓரிடத்தில் குறையும். அங்கே வாங்குங்கள். முடிந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்காதீர்கள். ஒரே உற்பத்தித் தொகுதி என்றால் குறையும் ஒன்றாகவே வரலாம்.

4 டெராபைட் வாங்கினேன், 3.6 சொச்சம்தான் காட்டுது. ஏமாத்திட்டாங்களா?

இல்லை. நிறுவனம் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறது, விண்டோஸ் 1024-இன் மடங்கில் எண்ணுகிறது. பைட் எண்ணிக்கை ஒன்றுதான்.

பெரிய நிறுவனங்கள்ல ஓடின பழைய டிஸ்க் மலிவா கிடைக்குது. நம்பி வாங்கலாமா?

திருப்பித் தரும் வசதியும் ஏதாவது வாரண்டியும் இருந்தால் வாங்கலாம். கைக்கு வந்ததும் ஸ்மார்ட் தகவலில் 5, 197, 198 ஆகிய எண்களைப் பாருங்கள். இவை கெட்ட செக்டர்களைக் காட்டுபவை. பூஜ்யம் இல்லாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். 199 மட்டும் கூடினால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். 9-ஆம் எண் ஓடிய மணி நேரம். ஒரு வருடம் என்பது 8,760 மணி.

அந்த மணிக்கணக்கையும் பூஜ்யமாக்கி விற்பவர்கள் உண்டு. 2025 தொடக்கத்தில் சீகேட் எக்ஸோஸ் பழைய டிஸ்க்குகள் பல நாடுகளில் புதியவை என்று விற்கப்பட்டது வெளிவந்தது. ஸ்மார்ட் கணக்கு அழிக்கப்பட்டிருந்தாலும் சீகேட் டிஸ்க்கில் ஃபார்ம் என்ற தனிப் பதிவு உண்டு. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருளின் புதிய பதிப்புகளில் அதைப் படிக்கலாம். இரண்டு கணக்கும் ஒத்துப்போகிறதா பாருங்கள்.

டிஸ்க்கை மாட்டினேன், கேபிள் எல்லாம் சரியா இருக்கு, ஆனா சுத்தவே மாட்டேங்குது. செத்த டிஸ்க்கா?

அவசரப்பட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள். டேட்டா சென்டர் டிஸ்க்குகளிலும், எக்ஸ்டர்னல் பெட்டியை உடைத்து எடுத்த டிஸ்க்குகளிலும் இது நடக்கும். சாட்டா பவர் கனெக்டரின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க்கை அணைத்து வை என்பது புதிய சாட்டா விதியில் உள்ள ஒரு வசதி. பழைய எஸ்எம்பிஎஸ் அங்கே எப்போதும் 3.3 வோல்ட் தரும், டிஸ்க்கும் அணைந்தே கிடக்கும். அந்தப் பின்னை வெப்பம் தாங்கும், மின்சாரம் கடத்தாத கேப்டன் டேப்பால் மூடினால் சுற்ற ஆரம்பித்துவிடும்.

எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் வேணும்? இருக்கறதிலேயே மலிவானது போதுமா?

வாட் குறைவாக இருக்கலாம், தரம் குறையக் கூடாது. டிஸ்க் சுழல ஆரம்பிக்கும் சில நொடிகளில் ஒவ்வொன்றும் 12 வோல்ட் வழியில் 2 ஆம்பியர் வரை இழுக்கும், அதாவது 25 வாட்டுக்கு அருகில். ஆறு டிஸ்க் என்றால் 150. மற்றதையெல்லாம் சேர்த்தாலும் 300 முதல் 400 வாட் உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ் போதும். எல்லா டிஸ்க்குக்கும் இதிலிருந்துதான் மின்சாரம் போகிறது. இது கெட்டால் அத்தனை டிஸ்க்கையும் சேர்த்துக் கெடுத்துவிட முடியும். டிஸ்க்குக்கு அடுத்து நான் மனமுவந்து பணம் போடச் சொல்லும் ஒரே பாகம் இதுதான்.

இரண்டு ஆபத்துகளைத் தவிருங்கள். பழைய வகை மோலெக்ஸ் பவர் கனெக்டரிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிளில், பிளாஸ்டிக் வார்ப்பில் வயர்கள் புதைந்திருக்கும் வகை உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடித்திருக்கிறது. கழற்றி மாற்றும் மாடுலர் கேபிள்களையும் வேறு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து எடுத்துப் போடாதீர்கள். முனை பொருந்தும், உள்ளே பின் வரிசை வேறாக இருக்கும், ஆன் செய்த கணமே டிஸ்க் போய்விடும்.

கேபினெட், ஃபேன்?

டிஸ்க்குகள் இடைவெளி விட்டு உட்கார இடமும், அவற்றுக்கு நேர் முன்னால் 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றோ இரண்டோ இருந்தால் சரி. டிஸ்க் வெப்பம் 45 டிகிரிக்குக் கீழே நின்றால் நிம்மதி. அழகுக்குக் கண்ணாடிக் கதவு போட்ட கேபினெட்களில் பெரும்பாலும் டிஸ்க் இடம் இரண்டுதான்.

ரெய்டு போட்டாச்சு. அப்புறம் பேக்கப் எதுக்கு?

தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் ரெய்டு அதை எல்லா டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் அழிக்கும். ரான்சம்வேர் வந்தால் எல்லா டிஸ்க்கிலும் பூட்டும். மேலே சொன்னபடி எஸ்எம்பிஎஸ் கெட்டால், திருட்டு, தீ, வெள்ளம் வந்தால் மொத்தமும் போகும். ரெய்டு தருவது ஒன்றே ஒன்று: ஒரு டிஸ்க் செத்தாலும் சர்வர் நிற்காமல் ஓடும்.

ஆகவே பட்ஜெட் போடும்போதே பேக்கப் டிஸ்க்கை ஒரு பாகமாக எழுதிக்கொள்ளுங்கள். பணம் இரண்டு டிஸ்க்குக்குத்தான் இருக்கிறது என்றால் ரெய்டே வேண்டாம். ஒன்று சர்வரில், இன்னொன்று வாரம் ஒருமுறை நகலெடுத்துக் கழற்றி வைக்கும் யுஎஸ்பி பெட்டியில். சர்வர் சில நாள் நின்றால் வீட்டில் யாருக்கும் நஷ்டம் இல்லை, குழந்தையின் படங்கள் போனால் திரும்ப வராது.

ரெய்டு 5 செத்துப்போச்சுன்னு சொல்றாங்களே, நிஜமா?

ரெய்டு 5 ஒரு டிஸ்க் இழப்பைத் தாங்கும் வகை. பெரிய டிஸ்க்குகளில் அதை மீட்க முடியாது என்பவர்களின் கணக்கு இப்படி: பல டிஸ்க்குகளின் விவரத்தாளில் 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுக்கு ஒரு படிப்புப் பிழை வரலாம் என்று இருக்கும். அது 12.5 டெராபைட். நான்கு 8 டெராபைட் டிஸ்க் உள்ள ரெய்டு 5-இல் ஒன்று செத்தால், மீதி மூன்றிலிருந்து 24 டெராபைட் படிக்க வேண்டும்; ஆக மீட்பு நடக்கவே நடக்காது என்கிறார்கள். விவரத்தாளில் இருப்பது உத்தரவாத எல்லை. நடைமுறையில் டிஸ்க்குகள் அதை விட நன்றாகவே படிக்கின்றன. பிழை வந்தாலும் இசட்எஃப்எஸ் பாதிக்கப்பட்ட கோப்பின் பெயரைச் சொல்லிவிட்டு மீதியை மீட்கும்.

உண்மையான அபாயம் வேறு. மீட்பு நடக்கும் ஒன்றிரண்டு நாள் முழுக்க, வயதான மற்ற டிஸ்க்குகள் ஓயாமல் உழைக்கும். இன்னொன்றும் சாக வாய்ப்பு அப்போதுதான் அதிகம். ஐந்து, ஆறு பெரிய டிஸ்க் என்றால் இரண்டு டிஸ்க் இழப்பைத் தாங்கும் ரெய்டு 6 அல்லது இசட்எஃப்எஸ்ஸில் அதற்கு இணையான ரெய்டு இசட்2 போடுங்கள். மூன்று, நான்கு டிஸ்க்கும் நல்ல பேக்கப்பும் என்றால் ஒன்று தாங்குவது போதும். மதர்போர்டிலேயே வரும் ரெய்டு வசதியை எந்த நிலையிலும் தொடாதீர்கள். மதர்போர்டு போனால், குழுவைத் திரும்பப் படிக்க அதே மாதிரிப் பலகையைத் தேடி அலைய வேண்டியிருக்கலாம்.

மென்பொருள் எதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் டிஸ்க் வாங்கணுமா?

ஆமாம், இதை முன்பே யோசித்துவிடுவது நல்லது. ட்ரூநாஸ் என்ற சர்வர் இயங்குதளம் இசட்எஃப்எஸ்ஸை மட்டும் பயன்படுத்தும். ஒரே அளவு டிஸ்க்குகள் இருந்தால்தான் இடம் வீணாகாது. ரெய்டு இசட் குழுவில் ஒவ்வொரு டிஸ்க்காகச் சேர்க்கும் வசதி 2025-ல் வந்த ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.3-இலிருந்துதான். கையில் பல அளவுகளில் டிஸ்க் இருந்தால் ஓப்பன்மீடியாவால்ட் என்ற இன்னொரு இயங்குதளத்தின் மேல், செத்த டிஸ்க்கை மீட்க உதவும் ஸ்னாப்ரெய்டும் எல்லா டிஸ்க்கையும் ஒன்றாகக் காட்டும் மெர்ஜர்எஃப்எஸ்ஸும் பொருந்தும். பேரிட்டி டிஸ்க் (செத்த டிஸ்க்கில் இருந்ததைத் திரும்பக் கணக்கிட உதவும் தகவல் இருப்பது) மற்ற எதையும் விடச் சிறிதாக இருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. ஸ்னாப்ரெய்டு குறித்த நேரத்தில்தான் பேரிட்டியைக் கணக்கிடும், ஆகவே அடிக்கடி மாறாத படம், வீடியோக்களுக்கே அது ஏற்றது.

2.5 கிகாபிட்டுக்கு மாறலாமா? எஸ்எஸ்டி கேஷ் போட்டா வேகம் வருமா?

ஒரு நல்ல ஹார்ட் டிஸ்க் தனியாகவே நொடிக்கு 150 முதல் 250 மெகாபைட் தொடர்ந்து படிக்கும். பிராசஸர் கேள்வியில் சொன்ன 110-இல் நெட்வொர்க் நிற்கும்போது கேஷ் போட்டு என்ன பயன்? பெரிய வீடியோக்களை அடிக்கடி நகர்த்துபவர் என்றால் 2.5 கிகாபிட்டுக்கு மாறுங்கள். மற்றவர்கள் இயங்குதளத்துக்கு ஒரு சிறிய எஸ்எஸ்டி போட்டுக்கொண்டு அதோடு நிறுத்திக்கொள்ளலாம். வைஃபையில் மட்டுமே பயன்படுத்தும் வீட்டில் முதலில் சர்வரிலிருந்து ரவுட்டருக்கு ஒரு கேபிள் இழுங்கள்.

யுபிஎஸ் அவசியமா?

மின்சாரம் அடிக்கடி போகும் இடத்தில் அவசியம். யுஎஸ்பி போர்ட் உள்ளதாக வாங்குங்கள். அப்போதுதான் பேட்டரி தீரும் முன் நட் என்ற மென்பொருள் சர்வரைத் தானாகவே ஒழுங்காக அணைக்கும். அணைய ஐந்து நிமிடம் கிடைத்தாலே போதும் என்பதால் சிறிய யுபிஎஸ்ஸே சரியாகும்.

எல்லாம் வந்தாச்சு, கட்டியும் முடிச்சாச்சு. கோப்புகளை உடனே ஏத்திடலாமா?

ஒரு வாரம் பொறுங்கள். முதலில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓர் இரவு முழுக்க ஓடட்டும். ஒரு பிழை வந்தாலும் அந்த ராமை மாற்றுங்கள். அப்புறம் ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஸ்மார்ட் நீள் சோதனை, அதன் பின் பேட்பிளாக்ஸ் எழுதும் சோதனை. இது டிஸ்க்கில் இருப்பதை முழுக்க அழிக்கும், பெரிய டிஸ்க்கில் சில நாட்கள் பிடிக்கும். முடிந்ததும் பழைய டிஸ்க் கேள்வியில் சொன்ன அந்த மூன்று எண்களைத் திரும்பப் பாருங்கள்.

கடைசியாக, ரெய்டு குழு கட்டியவர்கள் சில வேண்டாத கோப்புகளை ஏற்றிவிட்டு, சர்வரை அணைத்து, ஒரு டிஸ்க்கைக் கழற்றி மறுபடி ஆன் செய்யுங்கள். எச்சரிக்கை மின்னஞ்சல் வருகிறதா, கழற்றியது எந்த டிஸ்க் என்று சீரியல் எண்ணை வைத்துக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் ஒவ்வொரு டிஸ்க்கின் முன்பக்கமும் சீரியல் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை எழுதி ஒட்டிவிட்டு, பிறகு உங்கள் கோப்புகளை ஏற்றுங்கள்.